மூன்று மணி வாசிப்பு

மருதோடை ஆற்றில் நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதை இன்றைக்கே சொல்வதற்காகக் கல்முனையில் ஒரு நிலையம் இருந்தது. சொன்னது சரியா என்று பார்ப்பதற்காக அதே நிலையத்துக்குள் ஒரு பிரிவு இருந்தது. 1995 ஒக்டோபரில் அந்தப் பிரிவில் தற்காலிக எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். பகலில் பிரிவு, பின்னேரத்தில் புள்ளிவிபரவியல் வகுப்பு. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதிவந்தேன். எது எதுவென்று குழம்பக் கூடாது என்பதற்காக வகுப்பை நீல மையிலும் கந்தோர் அலுவலைக் கறுப்பு மையிலும் எழுதினேன்.

ஆற்றுக்கு அப்பால் வயல் வட்டை. மாரிப் போகத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே வாடி என்ற குடிசை அடித்துத் தங்கும். ஊருக்கு வர ஒரே வழி ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய பாதை, தாம்போதி. தண்ணீர் மூன்று மீற்றரைத் தொட்டால் அது மூழ்கிவிடும். பிறகு அப்பால் இருப்பவர் அப்பால்தான். அதனால் தாம்போதியின் இந்தப் பக்கத்தில் ஒரு கம்பமும் அதற்கு ஒரு சிவப்புக் கொடியும் இருந்தன. கொடி ஏறினால் வட்டைச் சனம் சட்டி பானையோடு இப்பால் வந்துவிடும். நிலையம் இருப்பதற்கான முழுக் காரணமும் அந்தக் கொடிதான் என்று முதல் நாள் கறுப்பு மையில் எழுதினேன். இரண்டு கிழமையில் அதை வெட்டினேன்.

கொடியைப் பார்த்துக்கொண்டவர் அச்சிமுகம்மது காக்கா. ஆற்றில் நட்டிருந்த அளவுச்சட்டத்தைப் பத்தொன்பது வருடமாக நாளுக்கு நாலு தடவை வாசித்து வந்தார். அவரும் தற்காலிகம்தான். நாலு வாசிப்பில் மதிப்பீட்டுக்கு எடுக்கப்படுவது ஒன்று மட்டுமே, பிற்பகல் மூன்று மணி வாசிப்பு. வெள்ளம் என்றால் என்ன என்று எங்கள் கைந்நூலில் இருந்தது: பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் மூன்று மீற்றரிலோ அதற்கு மேலோ நிற்பது. நாலு மணிக்கு வருவதற்குக் கைந்நூலில் பெயர் இல்லை.

மூன்று மணி வாசிப்பு சரியாக மூன்று மணிக்கு, கடைசிப் படியில் நின்று, கண்ணைத் தண்ணீர்க் கோட்டுக்கு நேரே வைத்து எடுக்கப்பட வேண்டும். ஒருநாள் இராணுவச் சென்றியில் மறித்து வைத்திருந்ததால் காக்கா மூன்று பத்துக்கு வாசித்தார். விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதைத் தட்டச்சுச் செய்தது நான். கடிதத்தைக் காக்கா தன் மகள் றாஹிலாவிடம் கொடுத்து இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாராம். பத்தொன்பது வருடத்தில் அவருக்கு வந்த முதல் கந்தோர்க் கடிதம். அதன்பிறகு அவர் ஒரு நிமிடமும் பிந்தவில்லை.

முன்னறிவிப்பைச் செய்பவர் பணிப்பாளர் ஜவுபர் சேர். வெளிநாட்டில் ஆறு கிழமை இதைப் படித்தவர். தினமும் இரண்டரைக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். மூன்றுக்குத் திறக்கும்போது மறுநாளுக்கான இலக்கம் ஒரு உறைக்குள் இருக்கும். அந்த அரை மணி நேரமும் நாங்கள் தேனீர்க் கோப்பையை ஓசைப்படாமல் வைப்போம். கம்பியூட்டர் ஒன்று இருந்தது. தூசு படக் கூடாது என்று பொலித்தீன் சுற்றியிருந்தது, இன்றுவரை அதை யாரும் அவிழ்க்கவில்லை.

ஒக்டோபர் நடுவில் கொழும்பில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு முன்னறிவிப்பு நல்லதா என்று தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது; மூளையைப் பாவிக்காமல் சொல்லும் இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்; அந்த மற்றதற்குப் பெயர் அளவுகோல்; அளவுகோலைவிட நல்லதாக இல்லாத நிலையங்கள் மூடப்படும். இதே விஷயத்தை வகுப்பில் நீல மையில் எழுதியிருந்ததால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூளையைப் பாவிக்காமல் சொல்வதற்கு ஓர் ஆள் தேவை என்று ஜவுபர் சேர் தீர்மானித்தார். கடிதங்களுக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்த காரைதீவுப் பாக்கியராசா அண்ணன் அளவுகோல் அலுவலர் ஆனார். கதவில் பெயர்ப்பலகை வந்தது. இன்றைய மட்டம் எதுவோ அதையே நாளைய மட்டம் என்று எழுதி, உறையில் இட்டு ஒட்டித் தர வேண்டும். இதற்கு அவருக்கு அரை நிமிடம் போனது. மிச்ச நேரம் முத்திரை ஒட்டினார்.

இரண்டு கிழமை முடிவில் உறைகளைத் திறந்து கணக்குப் பார்த்தேன். பணிப்பாளரின் சராசரிப் பிழை முப்பத்தொரு சென்ரிமீற்றர். பாக்கியராசா அண்ணனின் பிழை ஒன்பது. என்னுடைய கூட்டல்தான் பிழை என்று நினைத்து மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் ஒன்பது வந்தது.

மேலதிகாரியைவிடத் துல்லியமாக இருந்தமைக்கு விளக்கம் கேட்டு அண்ணனுக்குக் கடிதம் போனது. ஆறு அநேகமாக நேற்றைப் போலவே இருக்கிறது, அதற்குத் தான் பொறுப்பில்லை என்று அவர் பதில் எழுதினார். அடுத்த மூன்று நாளும் பணிப்பாளர் கதவைச் சாத்தாமல், அண்ணன் எழுதிய இலக்கத்தையே தானும் எழுதிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே பிழை வந்தது. அளவுகோலைவிட நல்லதாக இருக்க வேண்டும் என்பதுதான் சுற்றறிக்கை. சமமாக இருந்தாலும் மூடிவிடுவார்கள்.

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னார். அது நல்ல அறிகுறி இல்லை.

"நளீம், நம்மட முன்னறிவிப்பில பிழை இல்ல. அளவுகோல்தான் கூடிப்போச்சு. கொஞ்சம் கட்டையாக்கணும்."

மறுநாள் முதல் அளவுகோல் மாறியது. இன்றைய மட்டத்துக்குப் பதிலாகப் போன வருடம் இதே திகதியில் இருந்த மட்டத்தைப் பாக்கியராசா அண்ணன் எழுத வேண்டும். பழைய புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்த்து எழுதினார். போன வருடம் மழை பிந்தியிருந்தது, இந்த வருடம் முந்தியிருந்தது. அவரது பிழை நாற்பத்து நாலுக்கு ஏறியது. பணிப்பாளர் முப்பத்தொன்றிலேயே நின்றார். முன்னறிவிப்புத் திறன் முப்பது வீதத்தால் முன்னேறிவிட்டது என்று கொழும்புக்கு அறிக்கை போனது. தட்டச்சுச் செய்யும்போது அதில் ஒரு பொய்யைத் தேடினேன். எல்லா இலக்கமும் உண்மையாகவே இருந்தன.

நவம்பர் பதினேழாம் திகதி காலையில் அச்சிமுகம்மது காக்கா கொடியை ஏற்றினார். யாரையும் கேட்கவில்லை, அதுவரை கேட்கும் வழக்கமும் இருக்கவில்லை. வட்டைச் சனம் வந்து சேர்ந்தது. பொழுதுபட்டு மஃரிபுக்குத் தாம்போதி மூழ்கியது. விடியும் முன் சுபஹுக்குத் தண்ணீர் வடிந்தது. மறுநாள் மூன்று மணி வாசிப்பு இரண்டு எண்பத்தைந்து.

அதற்காக ஒரு கூட்டம் நடந்தது. மூன்று மணி வாசிப்புகள் இரண்டிலும் வெள்ளம் இல்லை, எனவே வெள்ளம் வரவில்லை என்றார் பணிப்பாளர். தாம்போதிக்கு மேலே இடுப்பளவு தண்ணீர் ஓடியதைத் தன் கண்ணால் கண்டதாகக் காக்கா சொன்னார். யாராவது செத்தார்களா, மாடு ஏதும் போனதா என்று பணிப்பாளர் கேட்டார். இல்லை, எல்லோரும்தான் இப்பால் வந்துவிட்டார்களே என்றார் காக்கா. சேதம் இல்லாத இடத்தில் வெள்ளம் எப்படி இருக்கும் என்று பணிப்பாளர் கேட்டு, அது பொய் எச்சரிக்கை என்று கூட்டக் குறிப்பில் பதியச் சொன்னார். பதிந்தேன்.

பிறகு பேச்சு மதிப்பெண்ணுக்கு வந்தது. வெள்ளம் வரும், வராது என்று சொன்னதில் நிலையம் நூற்றுக்கு எழுபத்தொன்றுதான் சரி. இதை உயர்த்த வழி உண்டா என்று பணிப்பாளர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்கு முந்திய பின்னேரம் வகுப்பில் இதையேதான் படித்திருந்தோம்: வெள்ளம் அரிதாக வரும் இடத்தில் எத்தனை வீதம் சரி என்று பார்ப்பது உதவாத அளவு, ஒன்றும் தெரியாதவனும் அதில் புள்ளி எடுத்துவிடுவான். அதை உதாரணத்தோடு சொல்ல நினைத்தேன். போன மாரியில் நூற்று ஐம்பத்தொரு நாளில் வெள்ளம் வந்தது நாலே நாள், ஆகவே ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு 'வெள்ளம் இல்லை' என்று சொன்னாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வந்துவிடும் என்றேன். அதனால்தான் இந்த அளவு உதவாது என்பது என் அடுத்த வாக்கியம். அதை நான் சொன்னேனா, சொல்ல நினைத்து விட்டுவிட்டேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. கூட்டக் குறிப்பில் அந்த வாக்கியம் இல்லை. குறிப்பை எழுதியதும் நான்தான்.

பணிப்பாளர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா? நான் ஆறு கிழம படிச்சும் எனக்கு ஓடல்ல. புள்ள பின்னேர வகுப்புக்குப் போய்க் கண்டுபுடிச்சிருக்கு."

மறுநாளே அறிவித்தல் படிவம் புதிதாக அச்சாகி வந்தது. 'வெள்ளம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. கையால் எழுதுவதில் வரும் தவறுகள் இதனால் குறையும் என்று பணிப்பாளர் விளக்கினார். கொடி இனிமேல் கந்தோர் அலுமாரியில் இருக்கும், நிலையம் 'ஆம்' என்று அறிவிக்கும் நாளில் மட்டும் எழுத்தில் கேட்டு எடுக்கலாம் என்றும் முடிவாயிற்று. அலுமாரி பூட்டப்பட்டு, திறப்பு என் பொறுப்பில் தரப்பட்டது. அன்று முதல் என்னை எல்லோரும் தம்பி என்று கூப்பிடுவதை விட்டு நளீம் சேர் என்றார்கள். காக்கா கொடியை நாலாக மடித்து, ஒரு கடுதாசியில் சுற்றி, இரண்டு கையாலும் தந்தார்.

டிசம்பர் பதினாலாம் திகதி கொழும்பில் இருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. வாசலில் கோலாட்டம், உள்ளே பெரிய பலகையில் 'பிழையில்லாத இருபத்தைந்து நாட்கள்' என்று எழுத்து. மூன்று நாளாக மழை விடவில்லை. குழுத் தலைவருக்குக் குடை பிடிப்பதற்கு மட்டும் இரண்டு பேர் நின்றார்கள். பதினொரு மணிக்குச் செயல்முறை விளக்கம் தொடங்கியது. முந்தைய நாள் ஒட்டிய இரண்டு உறைகளையும் தலைவர் தன் கையாலேயே கிழித்தார். பணிப்பாளரின் உறையில் 1.90, வெள்ளம் இல்லை. அளவுகோல் உறையில் 3.35.

தலைவர் அந்த இரண்டாவது கடுதாசியைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். போன வருடம் அதே திகதியில் பெரிய வெள்ளம், பாக்கியராசா அண்ணன் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தார். இது என்ன, வெள்ளம் வரும் என்றல்லவா இருக்கிறது என்று தலைவர் கேட்டார்.

"அத கணக்கெடுக்கப்படா சேர்," என்றார் பணிப்பாளர். "அது அளவுகோல். பிழையா இரிக்கிறதுதான் அதுர வேல."

குழுவோடு வந்த மொழிபெயர்ப்பாளர் இதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் தலைவர் தலையாட்டினார். ஒரு நல்ல அளவுகோல் அதனோடு போட்டியிடுபவரின் மனதை உடைக்கக் கூடாது, பல மாவட்டங்களில் இது இன்னும் விளங்கவில்லை என்று அவர் பேசினார். கைதட்டினோம்.

கைதட்டல் ஓயும்போது வாசலில் அச்சிமுகம்மது காக்கா நின்றார். சாரன் தொடை வரை நனைந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பணிப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் நான் போனேன். தண்ணீர் இரண்டு ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கால் மணிக்கு ஒரு விரல் ஏறுகிறது, நிறம் மாறிச் செம்மண்ணாக வருகிறது, வேரோடு மரங்கள் வருகின்றன என்றார். வட்டையில் முப்பத்துமூன்று பேர். அதில் அவர் மகள் றாஹிலாவும் மருமகனும் இருந்தார்கள். கொடி வேண்டும் என்றார்.

நான் உள்ளே போய்ப் பணிப்பாளரின் காதில் சொன்னேன். அவர் சிரித்த முகத்தை மாற்றாமலே பதில் சொன்னார்.

"இண்டைக்கு 'இல்லை' எண்டு அச்சடிச்சாச்சு. குழு சாப்பிட்டுட்டுப் போகட்டும். மறுகா பாப்பம்."

திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது. அலுமாரி பத்தடி தூரத்தில் இருந்தது. நான் செய்த கணக்கை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். தண்ணீர் ஏறும் வேகத்தைப் பெருக்கிப் பார்த்தேன், மூன்று மணிக்கு எந்தப் பக்கமும் விழலாம் என்று வந்தது. கொடி ஏறி, மூன்று மணிக்கு இரண்டு தொண்ணூறில் நின்றுவிட்டால், குழுவின் கண் முன்னால் ஒரு பொய் எச்சரிக்கை. அதற்குக் காரணம் நான். காக்கா என் கையையும் பையையும் பார்த்தார். 'எழுத்தில் கேட்டால்...' என்று தொடங்கினேன். இலக்கங்களையும் தன் கையெழுத்தையும் தவிர அவருக்கு எழுத்து வராது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சரி மகன். நீங்க படிச்ச ஆள். தொண்ணூத்தேழு எண்டா பெரிய எண்ணிக்கதான்," என்றார். சைக்கிளைத் திருப்பினார். "மத்த மூண்டும் எங்க இரிக்கி எண்டு பாத்துட்டு வாறன்."

நான் உள்ளே போனேன். பெரிய தட்டங்களில் புரியாணிச் சகன்கள் வந்திருந்தன. கொழும்புக்காரருக்கு எப்படிச் சகனில் கூடி இருந்து சாப்பிடுவது என்று பணிப்பாளர் காட்டிக்கொடுத்தார்.

பிறகு நடந்ததை வட்டைச் சனம் சொல்லித்தான் அறிந்தேன். காக்கா தாம்போதியில் சைக்கிளை மிதித்து அப்பால் சேர்ந்து, ஒவ்வொரு வாடிக்கும் போய்க் கூப்பிட்டார். கொடி ஏறவில்லையே, கந்தோர் 'வெள்ளம் இல்லை' என்று சொல்லியிருக்கிறதே என்று நாலைந்து பேர் அவரோடு தர்க்கப்பட்டார்கள். அதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் முப்பத்துமூன்று பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இப்பால் வந்தார்கள். கடைசியாக வந்தவர் அவர். எல்லோரும் கரையில் ஏறிய பிறகு ஒருவரிடம் மணி கேட்டார். மூன்றுக்கு ஐந்து நிமிடம். அவர் அளவுச்சட்டத்தை நோக்கி இறங்கினார். கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடி நின்றார். கண்ணைத் தண்ணீர்க் கோட்டுக்கு நேரே கொண்டுவரக் குனிந்தார். அப்போது மேலே இருந்து வந்த ஒரு மரம் சட்டத்தில் மோதியது. சட்டமும் அவரும் ஒன்றாகப் போனார்கள்.

காக்காவின் மய்யித்து மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் கிடைத்தது. சட்டம் கிடைக்கவில்லை.

ஆறு நாள் ஆற்றுக்கு வாசிப்பு இருக்கவில்லை. ஆறாம் நாள் காக்காவின் வீட்டில் பணிப்பாளர் அனுதாப உரை ஆற்றினார். வெள்ளத்தால் உயிர்ச்சேதம் இல்லை, காலமானவர் கடமையில் இருந்த ஊழியர், எனவே அது வெள்ளச் சேதப் பட்டியலில் வராது, விபத்துப் பட்டியலில்தான் வரும் என்று தெளிவுபடுத்தினார். சனம் ஆமீன் சொல்லலாமா விடலாமா என்று தெரியாமல் நின்றது.

கந்தோருக்குத் திரும்பியதும் பாக்கியராசா அண்ணன் தன் கடுதாசியோடு வந்தார்.

"சேர், அண்டைக்கு நான் சரியா இருந்திருக்கன். மூண்டு முப்பத்தஞ்சு."

பணிப்பாளர் கைந்நூலை எடுத்துப் புரட்டினார். அந்தப் பதினாலாம் திகதி கணக்கில் நின்றால், அளவுகோல் சரி, நிலையம் பிழை. அதற்கு அடுத்த மூன்று நாளும் அப்படியே. போன வருட வெள்ளம் அதே நாலு நாளில்தான் வந்திருந்தது. ஆனால் வாசிப்பு இல்லாத நாளை மதிப்பிட முடியாது என்று கைந்நூலின் இருபத்திரண்டாம் பக்கம் சொல்கிறது. விலக்குவதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வாசிப்பு ஏன் எடுக்கப்படவில்லை என்பதற்கு வாசிப்பாளரிடம் விளக்கம் கேட்ட கடிதம் கந்தோர்க் கோவையில் இருக்க வேண்டும்.

ஆகவே அச்சிமுகம்மது காக்காவுக்கு இரண்டாவது கடிதம் போனது. 14.12.1995 பிற்பகல் மூன்று மணி வாசிப்பை அனுப்பத் தவறியமைக்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். தட்டச்சுச் செய்ததும் கொண்டுபோனதும் நான்.

காக்காவின் மனைவி, கணவனை இழந்தவர் இருக்கும் இத்தாவில், உள்ளே இருந்தார். றாஹிலா திரைச்சீலைக்கு அப்பால் நின்று கடிதத்தை வாங்கினார். இந்தத் தடவை ஒருமுறைதான் வாசித்தார். சத்தமாகவே வாசித்தார். உள்ளே அழுகை நின்றது.

"வாப்பா வாசிச்சவர்," என்றார். "நான் கரையில நிண்ட. என்னப் பாத்துச் சத்தம் போட்டுச் சொன்னவர், மூண்டு நாப்பது எண்டு. கந்தோருக்குச் சொல்லு எண்டும் சொன்னவர். எழுதிக்கோங்க."

நான் எழுதிக்கொண்டேன். கறுப்பு மை. நாற்பதில் சைபர் சரியாக விழவில்லை, வெட்டித் திரும்ப எழுதினேன். நான் எழும்பும்போது திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து இன்னொரு கேள்வி வந்தது.

"அந்தத் தொண்ணூத்தேழு நீங்க சொன்ன கணக்குத்தானே?"

ஓம் என்றேன். 

மூன்று நாற்பதைப் பணிப்பாளரின் மேசையில் வைத்தேன். வாசிப்பு இருக்கிறது, நாளை விலக்க வேண்டியதில்லை என்றேன். என் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தை முடிவு வரை சொன்னது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை.

"வாசிச்சவர் கையெழுத்து இரிக்கா?"

இல்லை என்றேன்.

"உங்கட வகுப்பில எப்படி? இன்னொரு ஆள் கேட்டுச் சொன்னத, கையெழுத்தும் இல்லாம, அளவீடு எண்டு எடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. நான் உங்கட முடிவ ஏற்கிறன்."

நான் யோசித்தேன். நீல மைப் பக்கங்கள் எல்லாம் மனதில் ஓடின. எடுக்க மாட்டார்கள் என்றேன். அது உண்மை. விளக்கக் கடிதத்தின் கீழே 'ஊழியரிடமிருந்து பதில் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கோவையில் சேர்த்தேன்.

மாரி முடிவில் பார்த்தால், புதிய படிவம் வந்த நாள் முதல் வாசிப்பு உள்ள ஒவ்வொரு நாளிலும் எங்கள் நிலையம் சரியாக இருந்தது. நூற்றுக்கு நூறு. நாட்டில் வேறெந்த நிலையமும் அதை எடுக்கவில்லை. பணிப்பாளர் மாற்றலாகிக் கொழும்புக்குப் போகிறார், அங்கே எல்லா ஆறுகளுக்கும் இதே படிவம் அச்சாகிறது. பாக்கியராசா அண்ணன் மீண்டும் முத்திரை ஒட்டுகிறார்.

ஆற்றில் புதிய அளவுச்சட்டம் நட்டிருக்கிறார்கள். முன்னறிவிப்பு இப்போது என் வேலை, என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன், நேரம் ஒத்துவரவில்லை. கொடி கடுதாசி சுற்றியபடியே அலுமாரியில் இருக்கிறது. திறப்பு என்னிடம். நேற்று மூன்று மணிக்கு, இன்றைக்கான படிவத்தில் கையெழுத்திட்டேன். வெள்ளம் இல்லை.

இன்று மூன்று மணிக்கு ஆற்றுக்குப் போய்ச் சட்டத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.